ஒன்று முதல் நூறு வயது வரை ஒரு திடல்

போடில் க்ராருப் எழுந்து வெளியே போயிருந்த நேரத்தில் அவளைத் தலைவியாக்கிவிட்டார்கள். கோகமார்க் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் வழக்கம்போலப் பொதுவீட்டில் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பச்சை பூசுவதா சாம்பல் பூசுவதா என்ற வாக்குவாதம் ஒருவழியாக முடிந்து, புதிய விளையாட்டுத் திடல் குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்ற இடம் வந்ததும், எல்லோரும் தங்கள் கோப்பையின் அடியில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து பார்த்தார்கள். பொதுவீட்டின் கழிப்பறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. படியிறங்கி, சுவரைத் தடவி விளக்கைப் போட்டு, மறுபடி ஏறி வருவதற்குள் ஒரு நாட்டின் அரசையே மாற்றிவிடலாம். அவள் கதவைத் திறந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து அவளும் சேர்ந்து தட்டினாள்.

அன்று வீடு திரும்பும்போது, முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி. ஒரே படிக்கட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக ஏறி இறங்குகிறோம்.

"அதான் எல்லாரும் தட்டிட்டாங்களே. தட்டின கைய எப்படித் திருப்பிக் குடுக்கிறது?" என்றாள்.

அவள் சுபாவமே அப்படித்தான். பாலம் வருவதற்கு முன்பு எங்கள் ஊர் ரோன்பியிலிருந்து கடற்கழியின் எதிர்க்கரைக்கு ஒரு படகு ஓடியது. அதில் வண்டிகள் ஏறும் பலகையை இறக்கி ஏற்றும் வேலை போடிலுக்கு. தூரத்தில் ஒருவர் சைக்கிளில் வருவது தெரிந்தால் போதும், பலகையைத் தூக்கமாட்டாள். அவர் படகுக்குத்தான் வருகிறாரா என்றுகூடப் பார்க்கமாட்டாள். மேலே மாலுமி கத்திக்கொண்டிருப்பார், இவள் கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருப்பாள். சிலர் ரொட்டி வாங்க வந்தவர்கள். அவள் அசைத்ததற்காகப் படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போய் வந்ததும் உண்டு. பாலம் திறந்ததும் படகு நின்றது. ஓய்வு பெறும்வரை துறைமுகத்து மீன்கடையில் வேலை பார்த்தாள். அங்கேயும், கேட்டவருக்குக் கேட்ட மீன் இல்லையென்றால் அவள்தான் முகம் வாடி நிற்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் எல்லோருக்குமான திடலை ஒப்படைத்தார்கள்.

பழைய திடலை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஏற்கெனவே முடித்துவைத்திருந்தார். அவர் ஒரு மெல்லிய கம்பியால் ஊஞ்சல் கம்பத்தைக் குத்த, அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போனார்கள். புதிதாகக் கட்ட ஓர் அறக்கட்டளை நிதி தர முன்வந்தது. அதற்கு ஒரே நிபந்தனை: ஒன்று முதல் நூறு வயது வரை எவரும் விலக்கப்படக் கூடாது.

"நூத்தியொண்ணு ஆச்சுன்னா வேலிக்கு வெளிய தூக்கிப் போட்டுருவாங்களா?" என்று கேட்டார் ஹோல்கர் ப்ராஸ்க். முதியோர் சார்பில் குழுவுக்கு வந்தவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்ததால் உட்காரும்போதும் விசில் ஊதப் போகிறவர்போல நிமிர்ந்துதான் உட்காருவார்.

அறக்கட்டளை அனுப்பிய வடிவமைப்பாளர் ஆஸ்கர் லிண்ட்ஹோல்ட், பெரிய நகரத்திலிருந்து வந்தவர். காலணி முதல் கழுத்துவரை கறுப்பு. முதல் கூட்டத்திலேயே எங்களைத் திருத்தினார். "இதைத் திடல்னு சொல்லாதீங்க. தலைமுறைகள் உறவாடும் நிலப்பரப்பு." சுவரில் படம் விழுந்தது. ஒல்லியான மனிதர்கள் சிரித்தபடி நடந்தார்கள். ஒரு குழந்தை பலூன் வைத்திருந்தது. ஒரு கிழவர் காரணமே இல்லாமல் கையை உயர்த்தியிருந்தார். படம் முழுக்க வெயில். ரோன்பியில் குடியிருக்கிறவர்கள் அந்த வெயிலைப் பார்த்தபோதே உஷாராகியிருக்க வேண்டும். நாங்களோ, எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டு இன்னொரு துண்டு வெண்ணெய் ரொட்டி எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கூட்டங்களில் காபி போடுவது என் பொறுப்பு. போடில் ஒரு சொட்டுகூடக் குடிக்கமாட்டாள். வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் கேட்டு வாங்கிக் குடிப்பவள், பொதுவீட்டில் கோப்பையைக் கையால் மூடிக்கொள்வாள். தலைவியானதும் என் காபி இறங்கவில்லைபோல என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

குழுவில் எல்லோரும் எல்லோருக்காகவும் பேசினார்கள். பேச்சின் முடிவில் அது எப்படியோ அவரவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். முதல் சிக்கல் வேலிக்கதவு. இளம் தாய்மார்கள் சார்பில் வந்த மிக்கெலின், குழந்தைகளால் திறக்க முடியாத கதவு வேண்டும் என்றாள். அவள் மகள் ஊனாவுக்கு மூன்று வயது. கண்ணிமைக்கும் நேரத்தில் நாய்க்கூண்டுக்குள் இருப்பாள். விரல் மடங்காத கையாலும் திறக்க முடிகிற கதவாக இருக்க வேண்டும் என்றார் ஹோல்கர். போடில் இருவருக்கும் சரி என்றாள். ஆஸ்கர் தேடிப்பிடித்து, மேலே அழுத்திக்கொண்டே கீழே தூக்கினால் திறக்கிற ஒரு கதவைக் கொண்டுவந்தார். கட்டி முடிந்த பிறகு அதன் சூட்சுமத்தை முதலில் பிடித்தது ஊனாதான். உள்ளே போக முடியாமல் வாக்கரோடு நிற்கிற கிழவர்களுக்கு அவள் திறந்துவிடுவாள்.

அடுத்தது மணல். குழந்தை என்றால் மணல் வேண்டும் என்று ஒரு கட்சி. எஸ்கில்தும் குழுவில் இருந்தார். காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கிறவர். ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில். நகராட்சி எந்தக் குழு போட்டாலும், நூலகமோ நீச்சல்குளமோ, சக்கர நாற்காலிகளின் சார்பில் அவரைத்தான் கூப்பிடும். "நாட்டுல நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன்போல" என்பார். மணலில் சக்கரம் புதையும் என்று விளக்கினார். பிறகு, தனக்கென்று ஒரே ஒரு ஆசை என்றார். மேஜை உயரத்தில் ஒரு மணல்தொட்டி. முழங்கால் அடியில் நுழைகிற மாதிரி. மகள் ஆல்மாவோடு உட்கார்ந்து மணல் கேக் செய்யலாம்.

"அருமையான யோசனை," என்று சொல்லி ஆஸ்கர் அடுத்த படத்துக்குப் போனார். அதில் சக்கர நாற்காலியோடு ஏறி ஆடுகிற இரும்பு ஊஞ்சல். எஸ்கில்த் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்குப் படகுல போனாலே குமட்டுங்க. போடில் அக்காவைக் கேளுங்க, அவங்கதான் வாளி பிடிச்சாங்க" என்றார். போடில் தலையாட்டினாள். ஆஸ்கர் நல்ல நகைச்சுவை கேட்டவர்போலச் சிரித்தார். ஊஞ்சல் படத்திலேயே இருந்தது.

இளைஞர்கள் சார்பில் வந்தவள் சிக்ரிட், பள்ளி இறுதி வகுப்பு. கூட்டம் முழுக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், உங்களுக்கு என்னம்மா வேண்டும் என்று போடில் கேட்டாள்.

"நீங்க யாரும் இல்லாத இடம்."

அந்தப் பெண் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டும் என்பதுபோலத்தான் சொன்னாள். ஆஸ்கர் அதை 'தன்னாட்சி கொண்ட இளையோர் மண்டலம்' என்று எழுதிக்கொண்டார். அப்படியென்றால் அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று மிக்கெலின் கவலைப்பட்டாள். கூரை போட்ட ஒரு மண்டபம் கட்டி, நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைப்பதென்று முடிவானது. சிக்ரிட் மறுபடி தொலைபேசிக்குத் திரும்பினாள்.

ஹோல்கர் கேட்டது புதர். கிழக்கு மூலையில் அடர்த்தியாக, ஆளுயரத்துக்கு. எதற்கு என்றால், பறவைகளுக்கு என்றார். அவருக்குப் பறவைகள்மேல் இப்படியொரு பாசம் இருப்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. மிக்கெலின் மறுத்தாள், புதருக்குள் யார் ஒளிந்திருப்பார்களோ. ஹோல்கர் விடவில்லை. மூன்று கூட்டமும் பறவை பறவை என்றே போனது. போடில் வழக்கம்போல நடுவில் விழுந்து, இடுப்பளவுக்கு இரண்டு செடி வைக்கலாம் என்றாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "இடுப்பளவுல எந்தப் பறவைங்க வந்து உக்காரும்?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணீர், கழிவுக் குழாய் ஏதாவது வேண்டுமா என்று ஆஸ்கர் ஒருமுறை சம்பிரதாயத்துக்குக் கேட்டார். குடியிருப்புச் சங்கத் தலைவர் பூர்கே, கழிப்பறை விளையாட்டில் சேராது, பொதுவீட்டில்தான் ஒன்று இருக்கிறதே, அவரவர் வீடும் பக்கம்தானே என்றார். எல்லோரும் தலையாட்டினோம். வீடு பக்கம்தான். திடலிலிருந்து புல்வெளியைத் தாண்டி, மின்தூக்கி இல்லாத மூன்று மாடி ஏறினால் வந்துவிடும். எஸ்கில்த் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விடைபெற்றுக்கொண்டார். எந்தக் கூட்டத்திலும் அவர் கடைசிவரை இருந்ததில்லை. பாவம், எதிலோ மனம் நொந்து போகிறார் என்று பேசிக்கொள்வோம்.

கோடையில் வேலை தொடங்கியது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக ஒரு வெளிர்நீலக் கழிப்பறைக் கூண்டு வந்திறங்கியது. வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் வேலையின் பெயரைப் படித்திருக்கிறார்கள்: எல்லோருக்குமான திடல். அதனால் அகலக் கதவு, சாய்தளம், கைப்பிடி எல்லாம் வைத்த பெரிய கூண்டாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரி அதைச் சுற்றிவந்து பார்த்தார். "நாலு ஆளுக்கு எதுக்குங்க இது? இதுக்குள்ள கல்யாணமே நடத்தலாம்" என்றார். சாவி கதவோரம் ஓர் ஆணியில் தொங்கியது.

அதன்பிறகு அங்கே கூட்டம் சேரத் தொடங்கியது. ஹோல்கர் காலையிலேயே வந்து, காங்கிரீட் எப்படிக் கலக்க வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொண்டு மதியம்வரை நிற்பார். மிக்கெலின் ஊனாவைக் கூட்டிக்கொண்டு வருவாள், கூடவே இன்னும் இரண்டு தாய்மார்கள். எஸ்கில்தும் ஆல்மாவும் சாலையோரம் நிழலில் இருப்பார்கள். பள்ளி விட்டதும் சிக்ரிட்டின் கூட்டம் வந்து, அடுக்கிவைத்த பலகைகள்மேல் ஏறி உட்காரும். பலகை சரியும் என்று ஹோல்கர் திட்டுவார். உங்க காலத்துல பலகையே இருந்திருக்காதே என்று அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் அவர் அவர்களுக்குச் சீட்டு விளையாடக் கற்றுத்தந்து, அவர்களிடமே தோற்றுக்கொண்டிருந்தார்.

போடிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா? இன்னும் திறக்கவே இல்ல. அதுக்குள்ள ஜனம் எப்படி அலைமோதுது பாரு" என்றாள். அவளும் தினமும் அங்கேதான் இருந்தாள். நானும் கடைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை நின்று பேசிவிட்டு வருவேன். ஆணியில் சாவி இருக்கிறதா என்று பார்ப்பேன். மற்றவர்கள் திடல் கட்டுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்போல. மேஸ்திரிக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கும். அவர் ஆட்கள் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது.

திறப்பு விழாவன்று கொடி ஏற்றினோம். தொத்திறைச்சி சுட்டோம். மழை வரவில்லை. மேயர் வந்து 'எல்லோரும்' என்ற சொல்லைப் பாயசத்தில் முந்திரிபோல வரிக்கு வரி போட்டுப் பேசினார். பிறகு இரும்பு ஊஞ்சலை எஸ்கில்த் தொடங்கிவைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அது கனமான சாதனம், குழந்தைகள் குறுக்கே ஓடினால் ஆபத்து என்பதால் அதைச் சுற்றித் தனி வேலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி குடியிருப்புக் காவலாளியிடம். காவலாளிக்கு அன்று விடுமுறை. யாரையும் விலக்காத திடலில் பூட்டிய வேலிக்கு முன்னால் மேயர் சிரித்தபடி நாடாவை வெட்டினார். நகராட்சியின் சார்பில் அவர் வருத்தம் தெரிவித்தபோது, "பரவாயில்லைங்க. சாவி கெடைக்காம இருந்தா எனக்கும் நல்லதுதான்" என்று எஸ்கில்த் அவரைத் தேற்றினார்.

திங்கட்கிழமை கூண்டைத் தூக்கிப் போனார்கள்.

அந்த வாரமே திடல் காலியாயிற்று. குழந்தைகள் வருவார்கள், சறுக்குமரத்தில் இரண்டு முறை சறுக்குவார்கள், பிறகு தாய்மார்கள் ஏதோ ஞாபகம் வந்தவர்கள்போலக் கிளப்பிக்கொண்டு போவார்கள். ஹோல்கர் பயிற்சிக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடப்பார். கண்ணாடி மண்டபத்தில் ஈ காக்கைகூட இல்லை. இளைஞர்கள் பழையபடி சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகள் பக்கம் போய்விட்டார்கள். பூர்கே வானிலையைக் காரணம் சொன்னார். ஆஸ்கரைத் தொலைபேசியில் கேட்டால், ஒரு நிலப்பரப்பை மக்கள் தங்களுடையதாக்கிக்கொள்ள நேரம் எடுக்கும் என்றார். பழைய ஊஞ்சல் இருந்த காலத்தில் எங்களுக்கு அப்படி நேரமெல்லாம் ஆனதாக ஞாபகம் இல்லை.

போடில் தன்னைத்தான் நொந்துகொண்டாள். யாருடைய ஆசையையோ விட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதும் தட்டைப் பார்த்தபடி ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பாளாம். அவள் கணவர் வெர்னர் தபால்காரராக இருந்தவர், பேச்சைத் தபால்தலைபோலச் செலவழிக்கிறவர். "ஊருக்கே சரின்னு சொன்ன. இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்டாராம். அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு மாதங்களாகியிருந்தன.

இலையுதிர் காலத்தில் ஆஸ்கர் மறுபடி வந்தார். கட்டடக்கலை இதழ் ஒன்று திடலைப் பற்றி எழுதப் போகிறது, நாளைக்குப் புகைப்படக்காரர் வருகிறார், திடலில் ஆட்கள் இருக்கவேண்டும் என்றார். "இயல்பா இருந்தாப் போதும்" என்றார். அதனால் போடில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நாளைக்குக் காலையில் இயல்பாக வந்து விளையாட முடியுமா என்று கேட்டாள். அவள் கேட்டு யார் மறுப்பார்கள்? எல்லோரும் வந்தோம். சிலர் நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

புகைப்படக்காரர் எங்களை நட்டுவைத்தார். ஹோல்கர் கம்பியைப் பிடித்தபடி நிற்க வேண்டும். மிக்கெலின் சறுக்குமரத்தின் அடியில் கைநீட்டி, ஊனா மேலே. சிக்ரிட்டும் தோழிகளும் கண்ணாடிக்குள், மீன்தொட்டியில் மீன்போல. இம்முறை காவலாளி சாவியோடு வந்திருந்ததால் எஸ்கில்த் தப்பிக்க முடியவில்லை. அவரை ஊஞ்சலில் ஏற்றி அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். போடிலும் நானும் இருக்கையில். அந்த இருக்கைக்கு ஆஸ்கர் வைத்த பெயர் 'அசைவின் இடைநிறுத்தம்'.

வெயில் இல்லை. ஆஸ்கருக்கு வெயில் வேண்டும். மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது, இப்போது வந்துவிடும் என்று புகைப்படக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடற்கழியிலிருந்து ஈரக் காற்று வீசியது. காலையில் எல்லோரும் காபி குடித்துவிட்டு வந்திருந்தோம். நேரம் போகப்போக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எல்லோருமே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றோம். போடில் காலைப் பின்னிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பிறகு விட்டாள். எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றாள். சத்தமாக இல்லை. ஆனால் காற்று அந்தப் பக்கம் அடித்ததால் எல்லோருக்கும் கேட்டது.

புகைப்படக்காரர், இன்னும் இரண்டே நிமிடம் என்றார்.

"தம்பி, ரெண்டு பிள்ள பெத்து அறுபது தாண்டினவகிட்ட ரெண்டு நிமிஷம்னு சொல்லாதீங்க. என் வீடு மூணாவது மாடி. நான் இப்பவே கிளம்பினாத்தான் உண்டு."

கம்பியைப் பிடித்தபடியே ஹோல்கர் சொன்னார். "எனக்கும்தான். அந்தப் புதர நான் எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க?"

"பறவைக்குன்னு சொன்னீங்களே," என்றாள் மிக்கெலின்.

"பொம்பளைங்க உக்காந்திருக்கிற கூட்டத்துல வேற என்னத்தம்மா சொல்றது?"

மிக்கெலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊனாவைத் தூக்கிக்கொண்டு, இவளுக்கு இரண்டு முறை ஈரமாகிவிட்டது, அதனால்தான் வந்தவுடன் ஓடிவிடுகிறோம் என்றாள். எஸ்கில்த் ஊஞ்சலில் இருந்தபடி, "நான் மீட்டிங்ல பாதியில போனா கோவம்னு நெனச்சீங்க, இல்ல? அந்தப் படியில நான் எப்படிங்க எறங்குவேன்?" என்றார். கண்ணாடிக்குள்ளிருந்து சிக்ரிட் தலையை நீட்டி, சூப்பர்மார்க்கெட்டில் நாங்கள் தள்ளுவண்டியைப் பார்த்து ரசிப்பதற்காகவா உட்கார்ந்திருக்கிறோம், அங்கே டாய்லெட் இருக்கிறது என்றாள்.

அதற்குமேல் யாரும் நிற்கவில்லை. போடில் புல்வெளியில் வேகமாக நடந்தாள். ஹோல்கர் இடுப்பளவுச் செடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். மிக்கெலின் குழந்தையோடு ஓடினாள். இளைஞர்கள் சிதறினார்கள். காவலாளி ஊஞ்சலை இறக்க, எஸ்கில்த் சாலையைப் பார்த்து உருண்டார். சரியாக அந்த நேரத்தில் வெயில் வந்தது. புகைப்படக்காரர் எடுத்துவிட்டார். இதழில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. எல்லா வயதினரும் எல்லாத் திசைகளிலும் முழுமூச்சாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: தலைமுறைகளின் அசைவைத் தூண்டும் நிலப்பரப்பு.

அடுத்த கூட்டத்தில் பூர்கே, இந்த விஷயத்தை ஆராய ஒரு துணைக்குழு போடலாம், போடிலே தலைமை ஏற்கலாம் என்றார்.

"மாட்டேன்," என்றாள் போடில்.

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே கொஞ்சம் மிரண்டுவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள். "துணைக்குழு வேண்டாம். ஆராயவும் வேண்டாம். கக்கூஸ் வேணும். அவ்வளவுதான், பூர்கே." பூர்கே, நிதி கொடுத்தவர்கள் கழிப்பறையை விளையாட்டாக ஏற்கமாட்டார்களே என்று இழுத்தார். அது விளையாட்டு இல்லைதான், அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டதால்தான் இந்த நிலை என்றாள். ஹோல்கர் மேஜையைத் தட்டினார். சைக்கிள் கொட்டகையின் நிறத்துக்கே அவ்வளவு வாதாடிய கூட்டம் இதற்குச் சட்டென்று கை தூக்கியது.

ஆஸ்கரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சாதாரணச் சாம்பல் நிறச் சட்டையில் தனியாக வந்தார். திடலைச் சுற்றி நடந்தார். ஒருவரும் கால்வைக்காத கண்ணாடி மண்டபத்துக்குக் கூரை இருக்கிறது, தளம் மட்டமாக இருக்கிறது, கழிவுக் குழாயும் பக்கத்திலேயே போகிறது என்றார். கண்ணாடியை எடுத்துவிட்டு மரப்பலகை அடித்து, அகலக் கதவு வைத்து, குழாயை இழுத்தால் போதும். சிக்ரிட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லவேளை, கண்ணாடிய எடுத்துடறீங்க. இதையும் வெளியேருந்து பாக்கணும்னு சொல்லுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள். ஆஸ்கர் முதன்முறையாக உண்மையாகவே சிரித்தார். அறக்கட்டளைக்கான விளக்கத்தில் அவர் அதற்கு 'நீரோடு உறவாடும் நிலையம்' என்று பெயர் வைத்தார். அவர்களுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது. பார்க்க ஒரு குழுவே வந்தது, உள்ளே போயும் வந்தது.

இப்போது அங்கே ஆள் இல்லாத நேரம் குறைவு. கட்டடத்தின் பின்பக்கம் யார் கண்ணிலும் படாத ஒரு சந்து உருவாகிவிட்டது. எவரும் வரையாமலே இளையோர் மண்டலம் அங்கே அமைந்துவிட்டது. இரும்பு ஊஞ்சலைப் பக்கத்து ஊர்ச் சிறப்புப் பள்ளிக்குக் கொடுத்தோம். அங்கே அதற்கு வரிசை நிற்கிறதாம். அது இருந்த இடத்தில் ஹோல்கர் மிச்சப் பலகைகளை வைத்து ஒரு மணல்மேஜை செய்தார். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வு. எஸ்கில்தும் ஆல்மாவும் அதில் கடை போட்டிருக்கிறார்கள்; போகிற வருகிறவர்கள் கேக் வாங்காமல் தப்ப முடியாது. நான் ஃபிளாஸ்க்கில் கொண்டுபோகும் காபியை போடில் இப்போது இரண்டு கோப்பை குடிக்கிறாள்.

ஒரே வருத்தம், ஊரில் அவளுக்கு 'கக்கூஸ் போடில்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. முதல்முறை கேட்டபோது வெந்துபோனாள். "உசுரோட இருக்கும்போதே எம்பேர எதுக்கு வச்சிருக்காங்க பாரு. மத்தவங்களுக்குத் தெருவாவது வைப்பாங்க." பிறகு பழகிவிட்டது. வங்கியில் ஒரு பெண், "நீங்கதானே அந்த போடில்? எங்கம்மா இப்பல்லாம் வெளிய வராங்க" என்று சொன்ன நாளிலிருந்து கோபிப்பதை விட்டுவிட்டாள்.

ஆனால் அந்த ஒரு 'மாட்டேன்' அவளை மாற்றிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் எதற்கும் மாட்டேன் என்றாள். நகராட்சி புதிய நூலகக் குழுவுக்குக் கூப்பிட்டது, மாட்டேன். மகன் கிறிஸ்துமஸுக்கு நாயை விட்டுப் போகட்டுமா என்று கேட்டான், மாட்டேன். மீன்கடைக்காரர் ஒரு வாரம் உதவிக்கு வரச் சொன்னார், மாட்டேன். வெர்னர் ஹெர்ரிங் மீன் ஊறுகாயை நீட்டினால் அதற்கும். "புதுக் காரு வாங்கினவன் சும்மா சும்மா ஊரச் சுத்துவான் பாருங்க, அது மாதிரி ஓட்டிப் பாக்கறா" என்று என்னிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னார் வெர்னர்.

சும்மா கிடைத்த அந்த நேரத்தில் அவள் ஒன்று தொடங்கினாள். கடற்கழியில் குளிர்காலக் குளியல் சங்கம் ஒன்று இருக்கிறது. ஐம்பது வருஷமாகச் சேர ஆசையாம். யாருக்காவது ஏதாவது செய்துகொண்டே இருந்ததில் முடியவில்லையாம். தை மாதக் குளிரில், புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், குளியல் அங்கியும் கம்பளித் தொப்பியுமாக வந்து என் கதவைத் தட்டினாள். வருகிறாயா என்றாள்.

"செத்தாலும் வரமாட்டேன்," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு, செருப்பு சரசரக்கப் படியிறங்கிப் போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். நடைபாதையில் ஒருவர் அவளை நிறுத்தி எதையோ கேட்டார். அவள் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.